புல்லட் பார்க்க வந்த தம்பி

"...இட்லி குண்டான தொறக்குறேன் தம்பி, உள்ள இட்லி இல்ல, நட்டு. டீசல்ல ஊறிகினு கெடக்குது. இன்னாய்யா இதுன்னா, அழுக்குப் போகணும்ன்றாரு. அழுக்குப் போயிடுச்சு, வாஸ்தவந்தான். எங்க போச்சு? என் குண்டானுக்குப் போச்சு. அத்தத் தூக்கிக் கடாசிட்டு வேற வாங்கினேன்..."

ஆம்பூரிலிருந்து வந்திருந்த அசோக்குமாரிடம் வடிவு இதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் தங்கவேல், தான் பிரித்து மாட்டிய பழைய புல்லட்டை விற்பதாக போனில் படம் போட்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பையன் மலைப்பாதையில் காரோட்டிப் புதூர்நாட்டுக்கு ஏறி வந்திருந்தான். கையில் காப்பு, பனியனில் புல்லட் படம். நண்பர்களோடு லடாக் வரைக்கும் போகப் போவதாக வந்ததுமே சொல்லிவிட்டான். தங்கவேல் சீட்டுக்குப் புது உறை போடக் கொடுத்திருந்ததை வாங்கிவரத் திருப்பத்தூருக்கு இறங்கியிருந்தார். அவர் வரும்வரை வந்தவனை உட்கார வைக்க வேண்டியது வடிவின் பொறுப்பாகிவிட்டது. வாசலில் வண்டிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டாள், காப்பி கொடுத்தாள், அவன் முதல் வாய் குடிப்பதற்குள் ஆரம்பித்துவிட்டாள். தெருவில் யாரும் இந்தக் கதைக்கு இப்போது காது கொடுப்பதில்லை. புதுக் காது கிடைத்தால் விடுவாளா?

மரம் வெட்டும் கான்ட்ராக்டர் ஒருத்தர் பலாமரத்தடியில் போட்டுவிட்டுப் போன வண்டி அது. சீட்டுக்கடியில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. அதைத் தங்கவேல் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினபோது, பழைய இரும்புக் கடைக்குத்தான் போகிற வழியில் நிறுத்தியிருக்கிறார் என்று வடிவு நினைத்தாள். ஹாலுக்குள் தள்ளின பிறகுதான் விஷயம் புரிந்தது. இஞ்சின் அசையவில்லை. பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப் போயிருந்தது. பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் தேங்காயெண்ணெயும் டீசலும் ஊற்றி, தினம் காலையில் எழுந்ததும் கட்டையால் மெதுவாகத் தட்டிப் பார்ப்பார்.

"எனக்குத் தலையில வைக்க எண்ணெ இல்லீங்க. பிஸ்டனு குளிச்சிகினு இருந்துச்சு."

அசோக்குமார் சிரித்தான். அந்தச் சிரிப்பு போதும் அவளுக்கு. அடுத்தது பேரிங் கதை. ஃப்ரீசரில் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் பேரிங், கேஸ் அடுப்பின் மேல் இஞ்சினின் அடி டப்பா. குளிர்ந்தால் பேரிங் சுருங்குமாம், சூட்டில் டப்பா விரியுமாம், அப்போதுதான் ஒன்றுக்குள் ஒன்று போய் உட்காருமாம். கல்யாணமான நாளிலிருந்து அந்த அடுப்புப் பக்கம் எட்டிப் பார்க்காத மனுஷன், அன்றைக்கு இடுக்கியும் துணியுமாக நின்ற பதவிசைச் சொல்லி மாளவில்லை அவளுக்கு. அவள் தங்கச்சி சுந்தரம்மாள் ஐஸ் எடுக்கப் போய் பேரிங்கை எடுத்து வந்து, இது எந்த ஊர் பலகாரம் என்று கேட்டாளாம். சாப்பாட்டுத் தட்டிலெல்லாம் ஸ்பேர் பார்ட்ஸ் வைத்திருந்ததால் குடும்பமே இலையில் சாப்பிட்டது. தினமும் விருந்து மாதிரி.

"கடைசில எல்லாத்தையும் மாட்டி முடிச்சாரா... ஒரு நட்டு மிச்சமாயிடுச்சு தம்பி."

அசோக்குமாரின் சிரிப்பு நின்றது. டம்ளர் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

வடிவு அதைப் பார்த்தாள். அந்த நட்டு எங்கிருந்து வந்தது என்று தெரியும்வரை தங்கவேல் மொத்த இஞ்சினையும் திரும்பப் பிரித்தார், இடத்தைக் கண்டுபிடித்து மாட்டினார் என்பதுதான் அடுத்து வர வேண்டிய வார்த்தை. நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வடிவு அதை விழுங்கினாள். ஏன் விழுங்கினாள் என்று அவளுக்கே முதலில் தெரியவில்லை.

பையனின் கை பெட்ரோல் டேங்கைத் தடவிக்கொண்டிருந்தது. அவளுக்கு அது பிடிக்கவில்லை.

தங்கவேல் வருஷக்கணக்காக புதூர்நாட்டுக்கும் திருப்பத்தூருக்கும் ஷேர் ஜீப் ஓட்டியவர். ஜீப்புக்கு வயசாகிவிட்டது, இனி ரோட்டில் ஓடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அது உடைசலுக்குப் போன நாளிலிருந்து அவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தார். தண்ணீர் கேட்க மட்டும் வாய் திறப்பார். அப்புறம் இந்தச் சனியன் பிடித்த இஞ்சின் வந்தது. "வடிவு, டார்ச்சு பிடி. இங்க இல்ல, இங்க" என்று ஆரம்பித்தவர், பிடித்துக்கொண்டு நின்றவளிடம் ஊர்க்கதை, ஜீப்பில் ஏறியவர்கள் கதை எல்லாம் பேசினார். அவள் திட்டிக்கொண்டே டார்ச் பிடித்தாள். வண்டியை வித்துத் தொலை, இல்லாட்டி எங்கம்மா வூட்டுக்குப் போறேன் என்றும் சொல்லிக்கொண்டே இருந்தாள். எல்லாரும் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். போன வாரம் வேலை முடிந்ததும் அந்த மனுஷன் அதை நிஜமென்று எடுத்துக்கொண்டு படம் போட்டுவிட்டார். போட்டதிலிருந்து மறுபடியும் சுவர்.

வித்தால் வீடு சுத்தமாகும் என்று இந்த நிமிஷம் வரை நினைத்துக்கொண்டிருந்தவள், நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

கிக்கர் திருப்பி அடித்து அவர் கெண்டைக்கால் வீங்கி, நொண்டிக்கொண்டே திரிந்ததைச் சொன்னாள். டைமிங்கைச் சரிசெய்த பிறகு முதல் உதையிலேயே கிளம்புகிறது என்பதைச் சொல்லவில்லை. ஹால் முழுக்க ஆயில் ஒழுகியதைச் சொன்னாள். கேஸ்கெட் மாற்றியதும் நின்றுவிட்டதைச் சொல்லவில்லை. பொய் என்று ஒன்றும் அவள் வாயிலிருந்து வரவில்லை. எல்லாவற்றையும் பாதியில் நிறுத்தினாள், அவ்வளவுதான்.

"லடாக்கு எங்க கீதுன்னு எனக்குத் தெரியாது தம்பி. மலையாமே? எங்க மலையிலயே அன்னிக்கு வளைவுல நின்னுச்சு. நானும் பின்னாடி உக்காந்திருந்தேன். ரொம்ப நேரம் ஆச்சு கெளம்ப..."

இதுவும் நிஜம்தான். வேலை முடிந்து ஓட்டிப் பார்க்கப் போன அன்று, வளைவில் ஒரு கிழவி சீத்தாப்பழம் விற்றுக்கொண்டிருந்தாள். நிறுத்துய்யா என்று வடிவுதான் அவர் முதுகில் தட்டினாள். தடுப்புச் சுவரில் உட்கார்ந்து இரண்டு பேரும் ஆளுக்கொரு பழம் தின்றார்கள். கீழே வாணியம்பாடிப் பக்கம் மழை இறங்குவதைப் பார்த்துக்கொண்டு அவர் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அது வேறு மாதிரி பேசாமை. கொட்டையைத் துப்பிவிட்டு, இன்னொண்ணு வேணுமா என்று கேட்டார். அவருடைய ஜீப்பில் அவள் எத்தனையோ தடவை போயிருக்கிறாள், எல்லாம் கூட்டத்தோடு கூட்டமாக. இப்படித் தனியாகப் போனது அதுதான் முதல் தடவை.

அசோக்குமார் போனை எடுத்துப் பார்த்தான். அது அடிக்கவே இல்லை. அவசரம் என்று ஏதோ முனகினான். அவரு வந்துருவாருங்க, ஒரு எட்டு ஓட்டிப் பார்த்துட்டுப் போங்க என்று அவள் உபசாரம் சொல்லி முடிப்பதற்குள் காரில் ஏறிவிட்டான்.

சீட்டைத் தோளில் வைத்துக்கொண்டு தங்கவேல் வந்தபோது அவள் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். வந்தான், வேணாமாம், போய்ட்டான் என்றாள்.

"ஸ்டார்ட் பண்ணிப் பாத்தானா?"

"இல்ல."

"ஸ்டார்ட்டே பண்ணாம வேணாம்னானா?"

தங்கவேலின் முகம் சிவந்தது. அத்தனை மாசம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு மாட்டிய இஞ்சின், அதன் சத்தத்தைக்கூடக் கேட்காமல் ஒருத்தன் போயிருக்கிறான். அவர் சீட்டை வைத்து முடுக்கினார், ஏறினார், ஒரே உதை. சத்தம் சீராக, ஒரு அடி விட்டு ஒரு அடியாக விழுந்தது. கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றவர், சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் படத்தை அழித்தார்.

"இந்த மாதிரி பசங்களுக்கெல்லாம் வண்டி கெடையாது. இது இங்கயே நிக்கட்டும்."

வடிவுக்கு நெஞ்சு லேசானது. அதை வெளியில் காட்டினால் சந்தேகம் வந்துவிடும். புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"நிக்கும், நல்லா நிக்கும். பொகையெல்லாம் அடுப்பங்கரைக்கு வருது, இன்னா மனுசன்யா நீ..."