யார் சொன்னால் கேட்பார்

ரயில் முன்பதிவுச் சீட்டானாலும் ஆஸ்பத்திரிப் படிவமானாலும், ஒரு கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு நான் எழுந்தது கிடையாது. விசாரணைக்கு நீங்கள் கொடுத்த இந்தத் தாள்களையும் அப்படித்தான் நிரப்புகிறேன். பெயர் அய்யாத்துரை. வயது நாற்பத்தாறு. பிறந்தது திருச்செந்தூர்ப் பக்கம், இருப்பு படப்பை. ஒரகடத்தில் கார் பிரேக் செய்யும் கம்பெனி ஒன்றில் பதினேழு வருடம் தர ஆய்வாளராக இருந்தேன். நான் சரி என்று கையெழுத்துப் போட்ட உருப்படி ஒன்றுகூட வெளியே போய்த் திரும்பி வந்ததில்லை.

நீங்கள் மூன்று பேரும் காலையிலிருந்து ஒன்றையே கேட்கிறீர்கள். வாக்காளர் விவரங்களை எதற்காக வெளிநாட்டு நிறுவனத்துக்கு அனுப்பினாய்? கட்சி அனுப்பச் சொன்னது, அனுப்பினேன். அது எந்த நாடு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நமக்கு முன்னால் விடிகிற நாடு என்பது மட்டும் அவர்கள் செய்தி வரும் நேரத்தை வைத்துத் தெரிந்தது. இங்கே செய்த பிரேக் கப்பலேறினால் ஏற்றுமதி என்று மாலை போடுகிறீர்கள். பெயரும் போன் நம்பரும் போனால் மட்டும் குற்றமா? அந்தரங்கம், அந்தரங்கம் என்கிறீர்கள். பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர் படுக்கிற இடத்தை ஒருநாள் வந்து பார்த்துவிட்டு அந்தச் சொல்லைச் சொல்லுங்கள். வருத்தம் தெரிவிக்கிறாயா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இல்லை.

கட்சி எனக்குக் கொடுத்த வேலை எளிது. தெற்கிலிருந்து வந்து இங்கே கம்பெனிகளில் இருப்பவர்களுக்கு ஓட்டு ஊரில்தான் இருக்கிறது. தேர்தலுக்கு முந்தின நாள் அவர்களை பஸ் ஏற்றி அனுப்ப வேண்டும். அதற்காக ஆளுக்கு ஒரு வரி, வரிக்குப் பதினான்கு கட்டம். பெயர், ஜாதி, அறை, ஷிப்ட் என்று போய்க் கடைசிக் கட்டம் ‘யார் சொன்னால் கேட்பார்’ என்பது. ஊரில் யார் பேச்சுக்கு இவர் கட்டுப்படுவாரோ, அவருடைய பெயரும் நம்பரும் எழுத வேண்டும். வெளிநாட்டிலிருந்து அந்த நம்பருக்கு ஒரு பெண் குரல் தமிழில் பேசும். உங்கள் பிள்ளை படப்பையில் இன்ன தெருவில் இன்ன அறையில் இருக்கிறார், பஸ் இத்தனை மணிக்கு, வரச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு, மேல்விவரத்துக்கு என் நம்பரையும் கொடுக்கும். நல்ல ஏற்பாடு. அம்மா ஒரு போன் போட்டால் எவனும் பஸ் ஏறிவிடுவான்.

பட்டியலில் ஒருத்தி சந்தனமாரி, ரோஸி அம்மா வீட்டு மாடியில் குடியிருந்தாள். புருஷன் நிர்மல் மணிமங்கலத்துப் பையன், வேதக்காரன், சர்ச்சுக்குப் போகிறவன். ஒரே கம்பெனியில் வேலை பார்த்து, பிடித்துப்போய், ஸ்ரீபெரும்புதூரில் கல்யாணத்தைப் பதிவு செய்துகொண்டவர்கள். நான் போனபோது அவள் மட்டும் இருந்தாள். என் பேச்சை வைத்தே ஊர்ப்பக்கம் என்று கண்டுபிடித்து டீ போட்டுக் கொடுத்தாள். பதின்மூன்று கட்டத்துக்கும் மரியாதையாகப் பதில் சொன்னாள். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் முகம் மாறிவிட்டது.

“அண்ணாச்சி, ஊர் நம்பர் மட்டும் கேக்காதிய. நான் எங்க இருக்கேன்னு வீட்ல தெரியாது. எங்க அண்ணன் தேடிக்கிட்டு அலையுதான். தெரிஞ்சா உசுரோட விடமாட்டான்.”

சரிம்மா என்று சொல்லிவிட்டு இறங்கினேன். கீழே ரோஸி அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்தேன். “அது ஊருக்கே போவாதுய்யா. இன்னாத்துக்கு அத்தப் போட்டு நோண்டிகினு கீற? வுட்டுடு,” என்றார்.

விட்டிருக்கலாம். ஆனால் ஆயிரத்து நூற்றிருபது வரியில் அந்த ஒரு கட்டம்தான் காலி. வெளிநாட்டிலிருந்து வந்த அறிக்கையில் அது சிவப்பாகத் தெரிந்தது, எதிரே என் பெயர். பதினேழு வருடத்தில் என் பெயருக்கு எதிரே சிவப்பு விழுந்ததில்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள், அவளுக்குப் பக்கத்து ஊர்க்காரன் மாரிராஜை ஷிப்ட் முடிந்து வரும்போது பிடித்தேன். அப்பா நம்பர்தான் கேட்டேன். அவரிடம் போன் கிடையாதாம். அதனால் அண்ணன் இசக்கிபாண்டியின் நம்பரை எழுதிக்கொண்டேன். அவள் சொன்னது நினைவில் இல்லாமல் இல்லை, எனக்கு மறதி கிடையாது. கூடப்பிறந்தவன் கோபத்தில் நாலு வார்த்தை சொல்லியிருப்பான், இவள் பெரிதுபடுத்துகிறாள் என்று வைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் இசக்கிபாண்டி எனக்கு போன் செய்தான்.

“அண்ணாச்சி, பஸ்ஸெல்லாம் வேண்டாம். நாங்களே கார்ல வந்து கூட்டிட்டுப் போயிருதோம். தங்கச்சி எப்ப ரூம்ல தனியா இருப்பா?”

மரியாதையான குரல். தனியா என்ற சொல்லை நான் கவனித்தேன். கவனிப்பதுதானே என் தொழில். பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தேன். அவளுக்கு முதல் ஷிப்ட், கம்பெனி பஸ் மூன்றரைக்கு இறக்கிவிடும். நிர்மலுக்கு இரண்டாவது ஷிப்ட். புதன்கிழமை நாலு மணிக்கு ரோஸி அம்மா ஜெபக்கூட்டத்துக்குப் போய்விடுவார் என்பதையும் சொன்னேன். அது பட்டியலில் கிடையாது. கேட்டவருக்கு விவரம் முழுமையாகப் போய்ச் சேரட்டும் என்று சொன்னேன்.

புதன்கிழமை நாலேகாலுக்கு வந்தார்கள். காரில் ஏறு என்று அண்ணன் சொன்னானாம். வரமாட்டேன் என்று அவள் மாடிப்படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாளாம். அந்தப் படியிலேயே வெட்டிவிட்டுப் போய்விட்டார்கள். பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் போலீசிடம் சொன்னது இது. இசக்கிபாண்டி இப்போது உள்ளே இருக்கிறான். அவனுக்கு இடம் எப்படித் தெரிந்தது என்று அந்தக் கொலை வழக்கில் என்னை யாரும் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை. உங்களுக்கு வெளிநாடுதான் கவலை.

பிறகு ஏன் எழுதுகிறேன் என்றால், உங்கள் தாளில் பதினோராவது கேள்வி அப்படி. பட்டியலில் பிழைகள் இருந்தனவா? காலியாக விட எனக்கு மனம் வரவில்லை.

ஒரே ஒரு பிழை இருந்தது. சந்தனமாரியின் வரி, கடைசிக் கட்டம். யார் சொன்னால் கேட்பார் என்பதற்கு அண்ணன் என்று எழுதியிருந்தேன். அண்ணன் அவ்வளவு தூரம் நேரில் வந்து சொல்லியும் அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் பட்டியலில் ஒரு பிழையும் இருந்திருக்காது.