வலது மணிக்கட்டு

எங்கட பக்டரியில் மத்தியானச் சாப்பாட்டுக்கு முப்பது நிமிஷம் தருவார்கள். அதில் எட்டு நிமிஷம் கை கழுவவே போய்விடும். மெஷின் எண்ணெய் லேசில் விடாது; நகத்துக்குள்ளே இருந்துகொண்டு சோற்றோடு வரும். மிச்சம் இருபத்திரண்டு நிமிஷமும் நாங்கள் கூடைப்பந்தைப் பற்றித்தான் கதைப்போம். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், இந்தப் பொலிஸ் ஐயா நான் என்ன கோபத்தில் செய்தேன் என்று கேட்கிறார். கோபம் என்று ஒன்றும் இல்லை. அதை அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லுங்கோ, கல்யாணிப் பிள்ளை. அந்த இருபத்திரண்டு நிமிஷத்தைத் தவிர இதில் வேறு சங்கதி கிடையாது.

என் பெயர் நித்தியானந்தன். நாற்பத்தாறு வயது. ஊர் திருகோணமலை. மெல்பேர்னுக்கு வந்து ஐந்து வருஷம். ஸ்பிரிங்வேலில், காருக்குத் தகடு அடிக்கிற பக்டரியில், பிரஸ் மெஷின்களுக்கு அச்சு மாட்டிச் சரிபார்த்துக் கொடுக்கிறது என் வேலை. உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். கூடைப்பந்தை நான் கையால் தொட்டது பத்துத் தடவை இருக்கும். ஆனால் பார்க்கத் தெரிந்தவன். பதின்மூன்று வயதில் துறைமுகத்தில் மூட்டை சுமக்கப் போனேன். மூட்டைக்குக் கீழே போகிறவனின் கணுக்காலைப் பார்த்தால் எத்தனை மாதம் தாங்குவான் என்று சொல்லிவிடலாம். பிறகு பிறகு கங்காணி என்னைக் கேட்டுத்தான் ஆள் எடுத்தார். பின்னேரத்தில் கடற்படைக்காரர் கூடைப்பந்து ஆடுவார்கள். அங்கேயும் அதே கண்தான் பார்த்தது. மூட்டை என்ன, பந்து என்ன, உடம்பு உடம்புதான்.

பக்டரியில் ஒருவரும் என் பெயரை முழுதாகச் சொன்னதில்லை. போர்மன் வேலை நேரத்தில் என்னோடு விரலால்தான் கதைப்பான்: இங்கே வா, அங்கே போ. ஆனால் சாப்பாட்டு மேசையில் நான் புரொபெசர். எங்கட பக்கத்துக் கூடைப்பந்துக் கிளப் புதிதாக ஒருவனை எடுத்தால், கூட வேலை செய்கிற கிரேக்கனும் இத்தாலியனும் என் முகத்தைப் பார்ப்பார்கள், தேறுவானா என்று. மூன்று வருஷத்தில் ஒன்பது பேரைப் பற்றிச் சொன்னேன், எட்டுச் சரி. போர்மன்கூட அப்போது கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து கேட்பான்.

இந்த வருஷம், எழுபத்தொன்பதில், நாடு முழுக்க ஒரே போட்டி என்று தொடங்கினார்கள். எங்கட கிளப் மூன்று பேரைப் புதிதாக எடுத்தது. ஒருவன் ஆறடி எட்டங்குல அமெரிக்கன். அவனைப் பற்றிச் சண்டை இல்லை. மற்றவன் அடிலெய்டிலிருந்து வந்த வாத்தியார். ஓடத் தெரிகிறது, நிற்கத் தெரியவில்லை என்றேன், மேசை ஒத்துக்கொண்டது. மூன்றாவது ஆள் டெறி. இவன் எங்கட பக்டரியிலேயே பெட்டி கட்டுகிறவன். இருபத்திரண்டு வயது. ஆட்டத்தை நம்பி வயிறு நிரம்பாது என்று வேலையை விடாமல் இருந்தான்.

டெறி விஷயத்தில் சடகோபன் குறுக்கே வந்தார். மெட்ராஸ்காரர், டிகிரி படித்தவர், அளவு பார்க்கிற பகுதியில் வெள்ளைக் கோட்டோடு நிற்பார். பேப்பரில் வருவதை எல்லாம் கத்தரித்து எடுத்துவருவார்.

"டெறி பெரிய ஆளா வருவான் சார், பாருங்க."

"வரமாட்டான். வலது மணிக்கட்டு சரியில்லை. பந்து விடேக்க வெளிப்பக்கம் திரும்புது. குளிர் தொடங்க முன்னம் வீட்டுக்கு அனுப்பிப்போடுவினம்."

"மணிக்கட்டு என்ன சார், கல்லா? பழகினா மாறிட்டுப் போறது. அவனுக்குள்ள என்ன இருக்குன்னு பாருங்க."

"உள்ளுக்க இருக்கிறதைப் பாக்க நான் என்ன டொக்டரே?"

அவர் அதை இங்கிலிசில் மாற்றிச் சொல்ல, மேசை சிரித்தது. பிறகு பந்தயம் கட்டினார். காசுப் பந்தயம் இல்லை. ஜூன் முடியும்போது டெறி அணியில் இருந்தால், நான் அந்த மேசையில் கூடைப்பந்தைப் பற்றி இனி வாய் திறக்கக் கூடாது. இல்லாவிட்டால் அவர் திறக்கக் கூடாது. எல்லோரும் மேசையைத் தட்டிச் சரி என்றார்கள். சடகோபனுக்கு அது பகிடி, சும்மா விளையாட்டு. அவருக்கு மனைவி வேதவல்லி இருக்கிறா, வெள்ளிக்கிழமை பஜனை இருக்கிறது, வாய் திறக்கப் பல இடம். எனக்கு அந்த மேசை ஒன்றுதான்.

அடுத்த நாள் டெறி சாப்பாட்டுத் தட்டோடு வந்து என் முன்னால் இருந்தான். சண்டைக்கு வருகிறான் என்று நினைத்தேன். இல்லை. என் மணிக்கட்டில் என்ன பிழை, காட்டு என்றான். ஒரு தோடம்பழத்தைக் கையில் வைத்துக் காட்டினேன். சுண்டு விரல் கடைசியாக விடுகிறது, அதனால் பந்து பக்கவாட்டில் சுழலுகிறது. நடுவிரலும் சுட்டுவிரலும் கடைசியாக விட வேண்டும் என்றேன். கேட்டால் சொல்லத்தானே வேண்டும். நான் ஒளித்துவைக்கிற ஆள் இல்லை.

அவன் ஆறு கிழமை வீட்டுச் சுவரில் எறிந்து பழகியிருக்கிறான். மே மாதம் போய்ப் பார்த்தேன். மணிக்கட்டு நூல் பிடித்த மாதிரி நேரே போனது. தனியாகப் பத்தொன்பது புள்ளி எடுத்தான். திங்கட்கிழமை மேசைக்கு வந்து எல்லோருக்கும் முன்னால் என் தோளில் கை போட்டு, என்னைத் திருத்தினது புரொபெசர்தான் என்றான். கை தட்டினார்கள். அது எனக்குக் கிடைத்த மரியாதை என்று நினைப்பீர்கள். அவனும் அப்படித்தான் நினைத்தான், பாவம். ஆனால் நான் சொன்னதை நானே பொய்யாக்கிவிட்டேன் என்று இத்தாலியன் சிரித்த சிரிப்பை நீங்கள் கேட்கவில்லை. சடகோபன் எனக்கு ஒரு பெப்பர்மின்ட் நீட்டினார். "இன்னும் அஞ்சு வாரம்தான் சார். பேச வேண்டியதெல்லாம் இப்பவே பேசிடுங்க."

இனி மெஷினைப் பற்றிச் சொல்கிறேன்.

மூன்றாம் நம்பர் பிரஸ்ஸுக்கு இரண்டு பொத்தான். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேல் அச்சு இறங்கும். கை உள்ளே போகாமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். முன்னால் ஒரு கம்பித் தடுப்பும் உண்டு. செவ்வாய்க்கிழமை ஒரு பொத்தானை அழுத்தினபடியே நிற்கிற மாதிரிச் செய்தேன். புதன்கிழமை தடுப்பைக் கழற்றினேன். துடைக்க வேண்டும் என்று போர்மனிடம் சொன்னேன், அவன் தலையாட்டினான். வியாழக்கிழமை, மெஷினுக்கு ஆள் குறைகிறது, டெறியின் கை நீளம், அவனைத் தாருங்கோ என்று கேட்டேன். பழக்கினதும் நான்தான். இடக் கையால் அழுத்து, வலக் கையால் தகட்டை வை என்று காட்டிக் கொடுத்தேன். அவன் என்னிடம் பழகினவன்தானே, திருப்பிக் கேள்வி கேட்கவில்லை.

அந்த மெஷினில் வழக்கமாக நிற்கிறது சத்தியபாமா, யாழ்ப்பாணத்துப் பெண். அவவை வியாழன் பத்து மணிக்கு வேறு மெஷினுக்கு மாற்றினேன். ஒரு பாவமும் அறியாத மனிசி, அவவுக்கு ஏன் தீங்கு வர வேண்டும்? புதன்கிழமையும் வியாழன் காலையிலும் அவ அதில் நின்றது உண்மைதான். இது ஒரு கை பட்டாலே இறங்குது அண்ணை என்று வந்து சொன்னவ. ஆறுதலாச் செய்யுங்கோ என்றேன். அவவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மெஷின் நல்லாய்த்தான் வேலை செய்கிறது என்று எனக்கும் அதிலே தெரிந்தது.

பத்து இருபதுக்கு டெறியின் நான்கு விரல் போயிற்று. கட்டை விரல் தப்பியது. முதலில் ஓடினது நான். என் சட்டையைக் கழற்றிக் கட்டி, அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அம்புலன்ஸ் வரும்வரை இருந்தேன். அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கை இருக்கா, புரொபெசர், என்று கேட்டான். இருக்கு என்றேன்.

அடுத்த நாள் பாதுகாப்பு இன்ஸ்பெக்டர் விசாரிக்க வந்தபோது மொழிபெயர்க்க வந்ததும் நீங்கள்தான், பிள்ளை. நான் உங்களில் குறை பிடிக்கவில்லை. அந்த மெஷினில் என்ன செய்தாய் என்று அவர் கேட்டார். நான் ஒளிக்கவில்லை. "நான் செய்ததெல்லாம் ஆறுதலாத்தான் செய்தனான்" என்றேன். நீங்கள் தஞ்சாவூர் ஆள். உங்களுக்கு ஆறுதல் என்றால் தேற்றுகிறது. அடிபட்டவனைத் தேற்றினேன், அவ்வளவுதான் செய்தேன் என்று நீங்கள் அவருக்குச் சொன்னீர்கள். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு என் முழங்கையைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. அவ்வளவு இங்கிலிஸ் எனக்கும் விளங்கும். ஆனால் ஒரு படித்த பெண் சொன்னதை நான் எப்படி நடுவில் நின்று மறுக்கிறது?

இப்போது நீங்கள் கேட்கிறீர்கள், "நிதானமான்னு சொல்லியிருக்கலாமே சார்" என்று. எங்கட ஊரில் அதற்கு ஆறுதலா என்றுதான் சொல்லுறது, பிள்ளை. அவசரப்படாமல், நேரம் எடுத்து, பிழை வராமல். மூன்று நாள் எடுத்தேன். நான் அன்றைக்கே சொல்லிவிட்டேன் என்பதை இந்த ஐயா எழுதிக்கொள்ள வேண்டும். பொய் சொன்னேன் என்று வரக்கூடாது.

ஜூன் முடிந்தது. டெறி அணியில் இல்லை. பந்தயம் எனக்குத்தான். ஆனால் மேசையில் ஒருவரும் அப்படி நினைக்கவில்லை. டெறி இருந்திருந்தால் இந்நேரம் நாட்டுக்கே ஆடியிருப்பான் என்றான் கிரேக்கன். ஒவ்வொரு நாளும் அவன் வளர்ந்துகொண்டே போனான். மே மாதம் பத்தொன்பது புள்ளி எடுத்தவன், ஓகஸ்ட் வரும்போது முப்பது எடுத்தவன் ஆகிவிட்டான். அமெரிக்கன் தோற்றான், வாத்தியார் தோற்றான். டெறி மட்டும் தோற்கவே இல்லை. ஆடாதவன் எப்படித் தோற்பான்? நான் மணிக்கட்டு என்று வாயைத் திறந்தேன். வெட்கமில்லையா உனக்கு என்று இத்தாலியன் கேட்டான்.

பந்தயம் என்ன ஆயிற்று என்று சடகோபனை நேராகக் கேட்டேன்.

"விபத்தை எப்படி சார் சேத்துக்க முடியும்? அது நடக்கலேன்னா அவன் எங்கேயோ போயிருப்பான்."

"விபத்து இல்லை" என்றேன்.

முதலில் விளங்கவில்லை அவருக்கு. பிறகு எல்லோருக்கும் விளங்கட்டும் என்று எனக்குத் தெரிந்த இங்கிலிசில் சொன்னேன். பொத்தான், தடுப்பு, வியாழக்கிழமை. சொல்லி முடிக்கப் பன்னிரண்டு நிமிஷம் எடுத்தது. அவ்வளவு நேரம் அந்த மேசை என்னைக் கேட்டது அன்றைக்குத்தான். சடகோபன் எழுந்து போய்ப் போர்மனைக் கூட்டிவந்தார். இந்த முறை போர்மன் கதிரையை இழுத்துப் போடவில்லை.

இதெல்லாம் வெளியில் வர முன்னம், டெறி கட்டுப் போட்ட கையோடு ஒருமுறை என் அறைக்கு வந்தவன், மனைவியையும் கூட்டிக்கொண்டு. இரத்தம் போகாமல் காப்பாற்றினதற்கு நன்றி சொல்ல வந்தவர்கள். கேக் கொண்டுவந்தார்கள். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவள் அழுதாள். அவர்களில் எனக்கு ஒரு வெறுப்பும் இல்லை என்பதற்கு இதையும் சொல்கிறேன்.

கையெழுத்துப் போடுகிறேன். போட முதல் ஒன்று. ஒரு நல்ல ஆட்டக்காரனை அழித்தேன் என்று அந்தத் தாளில் எழுதியிருக்கிறது என்றீர்கள். அதை வெட்டச் சொல்லுங்கோ. கையைக் கெடுத்தது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். நான்கு விரல், வலது கை, வியாழக்கிழமை. ஆனால் அவனிடம் ஆட்டம் இருந்தால்தானே நான் அதை அழிக்கிறதுக்கு.