விடை எழுதாத முப்பத்தெட்டாவது தப்பு

– ...இல்ல சார், பழைய பென் டிரைவைக் குடுத்துட்டு இந்தப் புதுசை எடுத்துக்கங்க. ஸ்டிக்கர் எத்தனை வேணும்னாலும் எடுத்துக்கலாம்.

– ஸ்டிக்கர் குடுங்க மேடம், பேக்கரி கண்ணாடியில ஒட்டிக்கிறேன். புது டிரைவ் வேணாம்.

– போன கண்காட்சியில இந்த ஸ்டால்லதானே வாங்குனீங்க?

– நான் எங்க வாங்குனேன்? நீங்கதான் கூப்பிட்டுக் கையில திணிச்சீங்க. ‘கட்டற்ற மென்பொருள், எல்லாம் இலவசம், எங்க குழுவுல சேருங்க’ன்னு...

– அதுல ஒரு கோளாறு சார். முந்நூறு டிரைவுக்கும் மென்பொருளை ஏத்தறப்போ, ஒருத்தரோட சொந்த ஃபோல்டரும் சேர்ந்து ஏறிடுச்சு. அதான் ஆளைத் தேடித் தேடி மாத்திக் குடுக்கறோம்.

– ‘என் தப்புகள்’னு ஒரு ஃபைல் இருக்கே, அதுவா?

– ...அதைத் திறந்தீங்களா?

– மனப்பாடமே பண்ணிட்டேன். முதல் தப்பு, பாஸ்வேர்டு வெச்ச அன்னிக்கே மறந்தது. ஏழாவது, இன்டர்நெட் வரலன்னு மூணு நாள் அழுதது. கடைசியில பாத்தா வயரே சொருகல...

– சிரிக்காதீங்க சார்.

– சிரிச்சேன், இல்லன்னு சொல்லல. ஆனா அப்பதான் தைரியம் வந்துச்சு. ரொட்டி சுடற கை இது. கம்ப்யூட்டரைத் தொட்டா கெட்டுப்போயிடும்னு பயம். உங்க பளபள நோட்டீஸ் ஒண்ணும் மண்டையில ஏறல. இதைப் படிச்சதும்... நம்மள மாதிரி ஒரு ஆள் தடுக்கி விழுந்து விழுந்தே கத்துக்கிட்டிருக்குன்னு...

– யாரோ கத்துக்குட்டி எழுதினது. நான் திறந்துகூடப் பாக்கல. அவங்க குழுவை விட்டே போயிட்டாங்க.

– அடடா. ஒருதடவை பாக்கணும்னு இருந்தோமே.

– இருந்தோமா? யாரு?

– இதே டிரைவ் வாங்குன இருபத்தாறு பேர். ரொட்டி வாங்க வந்த நர்ஸம்மா சாவிக்கொத்துல இது தொங்குச்சு. ‘ஏழாவது தப்பு பண்ணியாச்சா?’ன்னு கேட்டேன். சிரிச்சுட்டாங்க. அப்படியே ஒவ்வொருத்தரா ஒட்டிக்கிட்டோம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் கடையிலதான் கூடறோம்.

– இருபத்தாறு பேரா... நாங்க தேதி போட்டுக் கூப்பிட்ட கூட்டத்துக்கு ஒருத்தர்கூட வரலையே.

– உங்ககிட்ட கேக்க பயம் மேடம். நீங்க எல்லாம் தெரிஞ்சவங்க. இந்த ஆள்கிட்ட அந்த பயம் இல்ல. அவங்க விட்ட இடத்துலேர்ந்து நாங்க எழுதறோம். இப்ப இருநூத்தி நாலு தப்பு.

– இருநூத்தி... நாலா?

– ஒவ்வொண்ணுக்கும் கீழ விடையோட.

– நம்ப முடியல... நான் அந்த டிரைவை எல்லாம் குப்பைன்னு நெனச்சேன். சரி, குடுங்க சார். அழிச்சுடறேன். எழுதின ஆளுக்கு அவமானம்.

– குழுவை விட்டே போன ஆளுக்கு என்ன அவமானம்?

– குடுங்க சார், அழிச்சுட்டுத் தரேன்.

– இதைக் கேட்டுட்டு அழிங்க. கடைசியா எழுதின முப்பத்தெட்டாவது தப்புக்கு மட்டும் அவங்க விடை எழுதல. ‘தெரியல’ன்னு விட்டுட்டாங்க. போன வாரம் நாங்க கண்டுபிடிச்சுட்டோம்.

– சத்தம் வந்துருச்சா?

– சத்தம்னு நான் சொல்லவே இல்லையே மேடம். சங்கடப்படாதீங்க. அந்த ஃபோல்டர்ல உங்க ஃபோட்டோவும் இருந்துச்சு. பிற்பாடுதான் கவனிச்சோம், இப்ப எங்க எல்லாருக்கும் தெரியும். டிரைவை மாத்திக்க வரல நான். விடையைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.

– இப்ப சொல்லிடாதீங்க... பதினாறு வருஷமா அந்த ஃபைலை எழுதின என் லேப்டாப் ஊமையாத்தான் அலமாரியில கிடக்கு. ஞாயித்துக்கிழமை எடுத்துட்டு வரேன். பக்கத்துல உக்காந்து எனக்குச் சொல்லித் தாங்க.