இரண்டாவது வெடி

மல்வேர்ன் போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் இரண்டு பேர் இருந்தார்கள். வங்கிகளுக்குக் காசு கொண்டுபோகும் வான் வண்டியில் துவக்கோடு காவலுக்குப் போகிறவர்கள் என்று சீருடையில் தெரிந்தது. மெலிந்தவர் திடீரென்று சொன்னார்: "வெடிக்காத குண்டுக்கே என்ர கை பதுங்குதண்ணை."

அடுத்த தரிப்பில் இறங்கிவிடலாமா என்று எனக்கு யோசனை வந்தது.

"என்னெண்டு?" என்றார் தாடிக்காரர்.

"சுடுற பயிற்சியில முதல் வெடி இலக்கின்ர நடுவில படுது. கெதியா அடுத்ததை அடிக்கச் சொன்னா கீழ போகுது. பழக்கிறவன் எனக்குத் தெரியாமல் டம்மிக் குண்டொண்டைக் கலந்து போட்டான். சத்தமே வரேல்லை, கை மட்டும் குனிஞ்சுது. எல்லாரும் சிரிச்சவங்கள்."

"சின்னனில குண்டுச் சத்தம் கேட்டுப் பங்கர்க் குழிக்குள்ள பாஞ்ச பழக்கமடா."

"வெள்ளிக்கிழமைச் சோதனையிலயும் பெயில் விட்டா வேலை போச்சு. நீங்கள் எப்பிடிப் பாஸ் பண்ணினனீங்கள்?"

"காதுக்குள்ள பஞ்சு, அதுக்கு மேல காதுமூடி. சத்தம் கேக்காட்டிக் கை பயப்பிடாது."

"அப்ப றோட்டில காசைப் பறிக்க ஆரும் வந்து மறிச்சா? அங்க பஞ்சு வைக்க நேரமிருக்குமோ?"

தாடிக்காரர் சொன்னார்:

"ஆரும் மறிக்கக்கூடாதெண்டுதான் பதினொரு வருசமா வெளிக்கிட முதல் சாமிக்கு விளக்குக் கொளுத்துறன்."