வேம்புக்கு அறுபது அடி

"அசையாதேங்கோ அக்கா! அப்பிடியே நில்லுங்கோ!"

என் குரல்தான். பகல் பன்னிரண்டு நாற்பது. தண்ணீர் பவுசர் வண்டிக்கு முன்னால் வரிசையில் நிற்கிறேன். அக்கா மிதிவெடிப் பகுதிக்குள் நிற்கிறாள். எல்லைக்கு நட்ட சிவப்புத் தடியைத் தாண்டி முப்பத்துநாலு அடி. கையில் தண்ணீர்ப் போத்தல். காலில் செருப்பு இல்லை. சோளகக் காற்று மணலை இழுத்துக்கொண்டு போகிறது. அக்கா குனிந்து தரையைப் பார்க்கிறாள். மிதிக்க வேண்டிய காலடித் தடம் முன்னால் இல்லை. திரும்பிப் பார்க்கிறாள். தான் வந்த தடமும் இல்லை.

இன்னும் இருபத்தாறு அடியில் வேம்பு. வேம்பின் கீழே அத்தான் படுத்திருக்கிறார்.

வரிசை கலைந்தது. நான் சைக்கிளுக்கு ஓடினேன்.

அவர்கள் ஏன் அங்கே போனார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன். ஊரின் பெயரை எழுதவில்லை. உயிலங்குளத்திலிருந்து கடல் பக்கம், மணல் தரை. அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.

போர் முடிந்து அடுத்த வருசம், ஆடி மாதம். அக்கா ஜெசிந்தாவையும் அத்தான் மரியநாயகத்தையும் முகாமிலிருந்து கொண்டுவந்து சொந்தக் காணியில் இறக்கிவிட்டிருந்தார்கள். கொட்டில் போடப் பன்னிரண்டு தகரம், ஒரு தறப்பாள், கொஞ்சம் தடி தந்தார்கள். நான் மண்டபம் முகாமில் ஏழாம் வகுப்போடு நின்றவன். செங்கல் சூளை, இறால் பண்ணை, புத்தளத்து உப்பளம் என்று திரிந்தவன். மூன்று நாள் தங்கிப் பார்த்துவிட்டுப் போக வந்தேன். போகவில்லை.

அந்தக் காணியில் முன்பு அறுபத்திரண்டு பனை நின்றது. அடிக்கட்டைகள்தான் இருந்தன. பதுங்கு குழிக்கு மூடுமரம் வேண்டும் என்று இரண்டு பக்கமும் வெட்டினார்கள். ஊரில் நின்ற ஒரே மரம் அந்த வேம்பு. அது இரண்டு பக்கத்துக் காவலரணுக்கும் நடுவில் நின்றது. சுற்றி மிதிவெடி புதைத்தார்கள். அதனால் எவரும் கிட்டப் போகவில்லை. மரம் தப்பியது.

மின்சாரம் இல்லை. காற்றாடி இல்லை. காலை பத்து மணிக்குத் தகரம் தொடங்கும். டக். பிறகு நாலைந்து சேர்ந்து. டக் டக் டக். சூட்டில் தகரம் விரிகிற சத்தம். அது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் முதல் இரண்டு கிழமை மூவரும் நிலத்தில் விழுந்து படுத்தோம். பிறகு நானும் அக்காவும் விழுவதை நிறுத்திவிட்டோம். அத்தான் நிறுத்தவில்லை.

அத்தானின் தலைக்குள் செல் குண்டின் துண்டு ஒன்று இருந்தது. இடது காதுக்கு மேலே. புளியங்கொட்டை அளவு என்று டொக்டர் படத்தைப் பார்த்துச் சொன்னார். எடுக்க முடியாது. குளிர்ச்சியான இடத்தில் இருக்க வேண்டும் என்று கடதாசியில் எழுதியும் தந்தார். அக்கா அந்தக் கடதாசியைத் தகர இடுக்கில் செருகி வைத்தாள். மத்தியானத்தில் அதைத் தொட்டால் சுடும்.

சூடு ஏறினால் வலிப்பு வரும். முதலில் வலது கை நடுங்கும். பிறகு வாய் கோணும். பதினெட்டு நாளில் ஏழு தரம் வந்தது. ஏழாவது தரம் அரை மணித்தியாலம் நினைவில்லை. இனி ஒன்று வந்தால் எழும்புவாரோ தெரியாது என்று டொக்டர் அக்காவிடம் சொன்னார்.

சாக்கை நனைத்துத் தொங்கவிட்டோம். பவுசர் இரண்டு நாளுக்கு ஒருமுறை. வீட்டுக்கு மூன்று வாளி. சாக்கு நனைந்தால் குடிக்க இல்லை. உள்ளே எப்படி இருக்கிறது என்று அத்தானிடம் கேட்பேன். "போறணைதான். பாண் ஒரு பக்கம் வெந்திட்டுது. திருப்பிப் போடு" என்பார், பேக்கரி அடுப்பில் வேகிற ரொட்டி தான் என்பதுபோல.

ஒரு நாள் அவரை மன்னார் டவுனுக்குக் கூட்டிப் போனேன். அங்கே ஒரு வங்கியில் ஏசி இருந்தது. அத்தான் ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரை நிரப்பினார். காவலாளி வந்து நின்றார்.

"ஐயா, இன்னும் எழுதி முடியேல்லையோ?"

"பேர் நீளம், தம்பி."

காவலாளி சிரித்தார். கதிரையை ஏசிக்கு நேரே தள்ளிவிட்டுப் போனார். அன்றைக்கு அத்தானின் முகத்தில் பழைய முகம் கொஞ்சம் வந்தது. திரும்பி வந்த பஸ்ஸில், ஆட்கள் நெருக்கி நிற்க, ஐந்தாவது வலிப்பு. பிறகு டவுனுக்குப் போகவில்லை.

மிதிவெடி எடுக்கிறவர்கள் காலை ஆறு மணிக்கு வருவார்கள். கனத்த கவசம், முகத்துக்குக் கண்ணாடி மறைப்பு. பதினொரு மணிக்குப் போய்விடுவார்கள். அந்த உடுப்போடு அதற்குமேல் வெயிலில் நிற்க ஏலாது. அவர்களுடைய பொறுப்பாளரிடம் வேம்பைக் காட்டிக் கேட்டேன்.

"மாரிக்கு முன்னம் அந்தப் பக்கம் வேலை வராது, அண்ணை. ஒருத்தரையும் உள்ள விடாதேங்கோ."

ஆனால் ஆடுகள் போயின. பக்கத்து வளவு ஆடுகள். பன்னிரண்டு. பதினொரு மணிக்கு ஒன்றன்பின் ஒன்றாகத் தடியைத் தாண்டிப் போகும். வேம்பின் கீழே படுத்து அசைபோடும். நாலு மணிக்குத் திரும்பும். ஒன்பது நாள் பார்த்தேன். ஒரே தடம். ஒரு சாண் அகலம். ஒன்றும் நடக்கவில்லை.

பத்தாம் நாள் நான் போனேன். பதினொன்று பத்து. செருப்பைக் கழற்றினேன். ஆட்டுத் தடத்தில் கால் வைத்தேன். அறுபது அடி. எண்ணினேன். ஆட்டின் பாரம் வேறு, ஆளின் பாரம் வேறு. அது எனக்குத் தெரியும். நிழலுக்குள் போனதும் தெரிந்தது போய்விட்டது. முதுகில் வேர்வை ஆறியது. அழுதேன் என்று நினைக்கிறேன்.

மறுநாள் அத்தானைக் கூட்டிப் போனேன். நான் முன்னால். என் தடத்தில் அவர். அக்கா தடிக்கு வெளியே செபமாலையோடு நின்றாள். மூன்றாம் நாள் அவளும் தண்ணீரோடு வந்தாள். வெறுங்காலோடுதான் போவோம். செருப்புப் போட்டால் தடம் கலையும். அயலில் சிலர் ஏசினார்கள். எவரும் பின்னால் வரவில்லை.

பதின்மூன்று நாள். ஒரு வலிப்பும் இல்லை.

பதினாலாம் நாள் வெள்ளிக்கிழமை. பவுசர் நாள். அத்தானை வேம்பில் விட்டுவிட்டு வரிசைக்குத் திரும்பினேன். பதினொன்றரைக்குக் காற்று எழும்பியது. வாளி பறந்தது. அதைப் பிடித்தேன். தடத்தை நினைக்கவில்லை. அக்கா முதல் போத்தலை நிரப்பிக்கொண்டு போனாள். தொடக்கத்தில் பற்றைச் செடிகளின் மறைவில் தடம் இருந்தது. போகப்போக மங்கியது. நடுவில் இல்லை.

ஐயம் என்றால் நில், சத்தம் போடு, ஆள் வரும்வரை அசையாதே. அக்காவுக்கு முகாமில் படம் காட்டிச் சொல்லித் தந்தது. அதைத்தான் கத்தினேன்.

இரண்டு மைல் மிதித்தேன். எதிர்க்காற்று. மிதிவெடி எடுக்கிறவர்களின் முகாமுக்குள் போகும்போது ஒரு மணி. சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கையைக் கழுவாமல் எழும்பினார்கள். வாகனம் வெளியே திரும்பியது. ஒன்று எட்டு.

ஒரே ஒரு சத்தம். தட்டையான சத்தம். எதிரொலி இல்லை.

அடுத்தது நான் காணாதது. அக்கா பல மாதங்களில் துண்டு துண்டாகச் சொன்னது.

அவள் நின்றாள். மணல் உள்ளங்காலைச் சுட்டது. கால் மாற்றவும் பயம். அத்தான் எழும்பி இருந்து அவளைப் பார்த்தார்.

"ஜெசி, தண்ணியைக் காலில ஊத்து."

"இது உங்களுக்கு."

"ஊத்து எண்டுறன்."

அவள் ஊற்றவில்லை. அரை மணித்தியாலம் போகிறது. அவள் ஆடத் தொடங்கினாள். கண் இருட்டியது. விழுந்தால் எங்கே விழுவாள் என்று அவருக்குத் தெரியும். படுத்திருந்த பெட்சீற்றை எடுத்தார். இரண்டு கையாலும் தலைக்குமேல் விரித்துப் பிடித்தார்.

"அசையாத. நிழல் கொண்டு வாறன்."

"வராதேங்கோ!"

இருபது அடி வந்தார். இன்னும் ஆறு அடி.

இடது கால். முழங்காலுக்குக் கீழே. அக்காவின் மேல் மணல் கொட்டியது. அவள் அசையவில்லை. நான் சொன்னதைக் கேட்டு நின்றாள். காலைக் கட்டச் சொல்லிக் கத்தினாள். அவர் அதே பெட்சீற்றால் கட்டினார். தண்ணீர் கேட்டார். போத்தலை எறிந்தாள். பிடித்தார். குடித்தார்.

ஒன்று இருபதுக்கு நாங்கள் வந்தோம். அவர்கள் கருவியை வைத்து வைத்து முழம் முழமாக வழி எடுத்தார்கள். தடிக்கு வெளியே நான் நிற்கிறேன். ஒன்று ஐம்பதுக்கு அக்காவை எட்டினார்கள். ஒன்று ஐம்பத்தெட்டுக்கு அத்தானை.

அம்புலன்ஸுக்குள் ஏசி போட்டிருந்தது. அவர் தலை என் மடியில். தகரத்துக்குக் கீழே நாங்கள் கேட்ட குளிர் முழுவதும் அதற்குள் இருந்தது.

"குளிருது. அதை நிப்பாட்டச் சொல்லு, தம்பி."

சாரதி நிறுத்தினார். கண்ணாடியை இறக்கினேன். சோளகம் உள்ளே வந்தது. அனல்.

"இப்ப சரி" என்றார்.

ஆஸ்பத்திரி இருக்கிற மன்னார்த் தீவுக்குப் போகும் பாலத்தில் ஏற முன்பே முடிந்துவிட்டது. இரண்டு இருபத்தாறு.

பிறகு மாரி வரை காத்திருக்கவில்லை. ஆறு கிழமையில் அந்தப் பக்கத்தைத் துப்புரவாக்கினார்கள். இருபத்துமூன்று மிதிவெடி எடுத்தார்கள். அதில் ஒன்று எங்கள் தடத்துக்குக் கீழேயே, பதினேழாம் அடியில். அத்தனை நாளும் நாங்கள் அதன்மேல் நடந்திருக்கிறோம். ஏன் வெடிக்கவில்லை என்று கேட்டேன். "சொல்ல ஏலாது, அண்ணை" என்றார் பொறுப்பாளர்.

கணக்கு இது.

மரியநாயகம், வயது நாற்பத்தொன்று. அவருடைய தலைக்குள் இருந்த துண்டு அவரோடு போனது. பெட்சீற் ஒன்று. அக்காவின் இரண்டு உள்ளங்கால் தோல், அது வளர்ந்துவிட்டது. வங்கிப் படிவம் ஒன்று அவருடைய சட்டைப் பையில் இருந்தது. பெயர் மட்டும் எழுதியிருந்தது. பனை அறுபத்திரண்டு. முதல் அடி என்னுடையது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வேம்பு நிற்கிறது. சிவப்புத் தடிகளைப் பிடுங்கிவிட்டார்கள். ஆபத்தில்லை என்று எழுத்தில் தந்தார்கள். அக்கா மத்தியானம் முழுக்கத் தகரத்துக்குள் இருக்கிறாள். நிழலுக்கு எவரும் போவதில்லை.

பதினொரு மணிக்கு ஆடுகள் போகும். ஒன்றன்பின் ஒன்றாக. நான் ஊரைவிட்டுப் புறப்பட்ட அன்றைக்கும் நின்று எண்ணினேன். பன்னிரண்டு. ஒன்றும் குறையவில்லை.