உச்சிக்குப் போகாதவள்

பலெர்மோ நகரில், ஒரேத்தோவிலிருந்து பொலிதேயாமா போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள். வெளியே நல்ல வெயில்.

"என்ரை மகள் மலை உச்சிக்குப் போகாமல் திரும்பி வந்திட்டாள். எனக்குச் சந்தோசம் தாங்கேல்லை," என்றார் மூத்தவர்.

"திரும்பி வந்ததுக்கோ சந்தோசம், அக்கா?"

"ஓம். அவள் வடக்கை, தோரினோவிலை படிக்கிறாளெல்லே. ஞாயிற்றுக்கிழமை சிநேகிதரோடை பனியிலை சறுக்கி ஸ்கீ செய்யப் போனவள். பாதை போட்ட இடமில்லை, வெறும் பனிமலை. ஏறமுதல் பனியைக் கிண்டிப் பாத்தவளாம். மேலை புதுப்பனி இறுகிப்போய்க் கிடக்கு, கீழை சீனி மாதிரிப் பொலபொலவெண்டு இருக்கு. 'இது சரியும், நான் வரமாட்டன்' எண்டு சொல்லிப்போட்டாள்."

"மற்றவை?"

"சிரிச்சவையாம். பலெர்மோக்காரிக்குப் பனியைப் பற்றி என்ன தெரியுமெண்டு கேட்டவையாம். அவள் அசையேல்லை. கடைசியிலை எல்லாரும் முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு அவளோடை இறங்கிட்டினம்."

"பிறகு பனி சரிஞ்சதோ?"

"இல்லை. வேறை ஆக்கள் அந்த வழியாலை சுகமாய்ச் சறுக்கிக்கொண்டு வந்தவை."

"ஐயோ, அப்ப பிள்ளைக்கு வெக்கமாய்ப் போயிருக்குமே!"

"நானும் அதைத்தான் கேட்டனான். 'இல்லையம்மா, அந்தப் பனியைத் திரும்பக் கண்டாலும் இறங்கித்தான் வருவன்' எண்டாள்."

பஸ் நின்றது. மூத்தவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அத்தினை பேருக்கு முன்னாலை 'மாட்டன்' எண்டு சொல்ல எனக்கு இண்டைக்கும் வாய் வராது. என்ரை பிள்ளைக்கு வந்திருக்கு."