சைரன் போட்டுப் போன பிரியாணி

அது எப்படி எங்க மேல தப்பாவும், நீங்களே சொல்லுங்க தங்கச்சி! முன்னால போற வண்டிக்கு முதுகுலயா கண்ணு இருக்கு? பின்னால வாரவியதான பாத்து வரணும்! அதுவும் ஆம்புலன்ஸு... கொஞ்சம் நகருங்க, இந்த பெஞ்சு ஒரு பக்கமா ஆடுது. ஆங்... உங்க வீட்டுக்காரவியளக் குத்தம் சொல்ல வரல நானு. டாக்சி ஓட்டுற நெல்லையப்பன் அண்ணாச்சின்னா தங்கமான மனுசன்னு லேபர் கேம்ப்ல எல்லாரும் சொல்லுதாவ. தோள்பட்ட எலும்பு முறிஞ்சு இந்த வார்டுல கெடக்காவளேன்னு எனக்கு மனசு கெடந்து அடிச்சுக்கிடுது. இந்தாங்க, ஆட்டுக்கால் சூப்பு. நல்லமொளகு தட்டிப் போட்டிருக்கேன். எலும்பு கூடுறதுக்கு இத விட்டா வேற மருந்து கெடயாது. வாங்குங்க... சரி, இங்கன வைக்கேன். சூடு ஆறிரப்படாது.

தூக்குவாளிய ஏன் அப்படிப் பாக்கிய? அதுல பிரியாணி இல்ல யம்மா! அந்த எழவ எங்கிட்ட பேசாதீங்க.

எங்க வீட்ல அவிய... பேரு சொல்லப்படாது, ஊருதான் காசிம் பாய் காசிம் பாய்ங்கும்... அவியள மாதிரி பொறுமையா வண்டி ஓட்டுறவிய இந்த பம்பாய்லயே கெடயாது, பாத்துக்கிடுங்க. மில் ஸ்ட்ரைக்குல வேல போயி, வீட்ல சும்மா உக்காந்து சுவத்தப் பாத்துக்கிட்டே இருந்தாவ. சாப்புடச் சொன்னா சாப்புடுவாவ, இல்லேன்னா சுவரு. அப்புறந்தான் எங்க ஜமாத்து ஒரு மெட்டடார் வண்டிய வாங்கி, வெள்ளையடிச்சு, ஆம்புலன்ஸ்னு எழுதி, சாவிய இவிய கையில குடுத்துச்சு. அன்னைலேர்ந்து அந்த வண்டிதான் மூத்த பொண்டாட்டி, நான் எளயவ. உள்ள நோயாளி இல்லாம சைரன் போட மாட்டாவ. மய்யித்து ஏத்திக்கிட்டு வரும்போதுகூட, "போன உசுருக்கு என்ன அவசரம், இருக்க உசுருக்குத்தான் வழி"ன்னு சைரன அமத்திருவாவ. அப்பேர்ப்பட்ட மனுசன் இப்ப போலீஸ் சௌக்கி வாசல்ல குத்த வச்சிருக்காவ. வண்டியும் அங்கதான் நிக்கி. லைசன்ஸு போனா வேல போச்சு, வேல போனா மறுபடியும் அந்த சுவரு. அத இன்னொரு தடவ என்னால பாக்க முடியாது தங்கச்சி. சத்தியமா முடியாது.

எல்லாம் அந்த டெம்போக்காரன் மன்சூர் அலியால வந்தது! அவன் சொன்ன நேரத்துக்கு வந்திருந்தா இந்த லஃப்டா, இந்த வம்பெல்லாம் உண்டுமா? எங்க அண்ணன் மவளுக்குக் கல்யாணம், செம்பூர்ல ஹாலு. சோறு என் பொறுப்புன்னு நான் வாயக் குடுத்துட்டேன். ஏன் குடுத்தேன்? எங்க மதினி பீவி இருக்காளே... "ஆபிதா ஆக்குற சோறா? அது அடுத்த கல்யாணத்துக்கு வந்து சேரும்"னு அத்தன பொம்பளையளுக்கு நடுவுல சொல்லிச் சிரிச்சா! ரோசம் வராதா ஒரு மனுசிக்கு? உப்புப் போட்டுத்தான சோறு திங்குதோம்?

தாராவில வீட்டு வாசல்லயே சமையக்கார பண்டாரிய வச்சு, ரெண்டு பெரிய தேக்சாப் பானை நெறய பிரியாணி ஆக்கி, தம்மும் போட்டாச்சு. டெம்போவக் காணும். அங்க நிக்காஹ் முடிஞ்சா சகனச் சுத்தி ஜனம் உக்காந்துருமே... தெரியும்லா, பெரிய தட்டு ஒண்ணுக்கு நாலு பேரு, கையக் கழுவிக்கிட்டு வாசலயே பாத்துக்கிட்டு இருப்பாவ. "ஏங்க, நம்ம வண்டி காலியாத்தான நிக்கி"ன்னேன். "அது ஜமாத்து வண்டி, நோயாளிக்கு உள்ளது"ன்னாவ. "பசியும் ஒரு நோவுதான்"னேன். தப்பா? நீங்க சொல்லுங்க, தப்பா?

ஏத்துனாவ. ஏத்திட்டு மாட்டு வண்டி கணக்கா போறாவ! சயான் சிக்னல்ல செவப்பு. நின்னுட்டாவ. பின்னால ரெண்டு தேக்சாவுக்கும் நடுவுல உக்காந்தபடியே, முன்பக்கத் தகரத் தடுப்புல வாய வச்சு, "சைரனப் போடுங்க"ன்னேன். "உள்ள ஆளு யாரு?"ன்னாவ. "அப்ப நான் ஆளு இல்லியா? ஊருல உள்ளவனுக்கெல்லாம் அமுக்குற சுவிச்ச, கட்டுனவளுக்காக ஒரு தடவ அமுக்குனா வெரலு தேஞ்சிருமா?"ன்னு கேட்டேன். போட்டுட்டாவ. ஏ யம்மா, அப்பப் பாக்கணுமே! பஸ்ஸு ஒதுங்குது, லாரி ஒதுங்குது... இந்த ஊருல ஒரு பொம்பளைக்கு இப்படி யாரு வழி விட்டிருக்கா? எனக்கே கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லப்படாது.

எல்லாரும் ஒதுங்குனாவ, உங்க வீட்டுக்காரவிய மட்டும் ஒதுங்கல. எங்க பின்னாலயே ஒட்டிக்கிட்டாவ! பின்கதவுக் கண்ணாடில பாக்கேன், டாக்சி மூக்கு எங்க கதவ மோந்து பாக்கு. நாங்க செவப்புல போனா அவியளும் செவப்புல. எல்லா டாக்சிக்காரவியளும் செய்யுறதுதான், இல்லேங்கல... ஆம்புலன்ஸ் பின்னால போனா ஓசில வழி. ஆங்? சவாரிக்காரன் ஜல்தி ஜல்தின்னு உசுர எடுத்தானா? அதுவும் சரிதான். பம்பாய்ல எவனுக்குத்தான் அவசரம் இல்ல.

அப்புறம் என்ன, பிரேக்கு. டமார்! ஏதோ நாயி குறுக்க வந்துருச்சு, அத விடுங்க. பின்கதவு தெறந்துக்கிட்டு ஒரு தேக்சா வழுக்கிப் போயி உங்க டாக்சி பானட்டு மேல ஏறி உக்காந்துச்சு. கண்ணாடி நொறுங்கி, ஆவி அடிச்சு... நல்லவேள, அண்ணாச்சி மொகத்துல படல. அல்லா காப்பாத்துனான்.

ஹவல்தார் ஓடி வாரான். "பேஷண்ட் எங்க?"ங்கான். இவிய வாயத் தெறந்தா உண்மை கொட்டிரும். எனக்கு என்ன தோணுச்சோ... ஸ்ட்ரெச்சர்ல சாஞ்சு, துப்பட்டிய இழுத்துப் போத்திக்கிட்டு, "யா அல்லா வலிக்குதே"ன்னுட்டேன். கை வயித்து மேல இருந்துச்சு போல. அதப் பாத்துட்டு அவன் "டெலிவரி கேஸு"ன்னு எழுதிட்டான்! நானா சொன்னேன்? எனக்குப் பேரன் பள்ளிக்கூடம் போறான் தங்கச்சி! "இது என்ன?"ன்னு உள்ள இருந்த தேக்சாவக் காட்டுதான். "பிரசவத்துக்கு வெந்நீரு"ன்னேன். நெய்யும் பட்டையும் தெருவத் தூக்குது. நல்லகாலம், அவனுக்கு ஜலதோசம். "அப்ப பானட்டு மேல கெடக்குற சோறு?"ன்னான். "ஆஸ்பத்திரில காத்திருக்க சொந்தக்காரவியளுக்கு"ன்னேன். "இவ்வளவா?"ன்னான். "எங்க குடும்பம் பெருசு"ன்னேன்.

சிரிக்கியளா? சிரிங்க, சிரிங்க. வலி அமந்துருச்சுன்னு சொல்லி வீட்டுக்கு வந்ததுலேர்ந்து தெருவுல நான் தல காட்ட முடியல. எதுத்த வீட்டு ஹபீபா பச்ச மாங்காவ வெட்டி உப்பு தடவிக் கொண்டாந்து குடுக்கா. மருமவன் என்னயக் கண்டா மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போறாரு. வேலில போன ஓணான எடுத்து மடில விட்டுக்கிட்டேன், இப்ப குத்துதே கொடயுதேன்னா யாரு கேப்பா?

மாட்டுங்காவுல ஒரு வக்கீல் ஐயரு, வேங்கடசுப்ரமணியன்னு. அவருகிட்ட போயி ஒண்ணு விடாம சொன்னேன். எல்லாத்தயும் கேட்டுட்டு, "இந்த பிரியாணிங்கறது எவ்வளவு நாழி தாங்கும்?"ங்காரு. திங்காதவரு, பாவம். அப்புறம் கண்ணாடியக் கழட்டித் தொடச்சிக்கிட்டே சொன்னாரு: "இதோ பாருங்கோம்மா, உள்ள நெஜமாவே நோயாளி இருந்தா அந்த சைரனுக்கு மதிப்பு உண்டு. அப்பவும் கண்ண மூடிண்டு போகப்படாது, ஆனா செவப்புல போனதுக்கு நியாயம் சொல்லிக்கலாம். இடைவெளி விடாம பின்னால ஒட்டிண்டு வந்தானே, தப்பு அவன் தலைல விழும். உள்ள சோறுதான் இருந்ததுன்னா அது ஆம்புலன்ஸே இல்ல, வெறும் வேன். பொய் சைரன், செவப்பு வெளக்கு, நடுரோட்டுல பிரேக்கு, எல்லாம் உங்காத்துக்காரர் தலைல"ன்னாரு.

அதான் ஓடி வந்தேன். இன்ஸ்பெக்டர் இப்ப வாக்குமூலம் வாங்க வாராராம். உங்க வீட்டுக்காரவிய பொய் சொல்ல வேண்டாம். "உள்ள ஒரு பொம்பள படுத்திருந்தா"ன்னு மட்டும் சொன்னாப் போதும். படுத்துத்தான இருந்தேன்? முட்டுனதுக்கு முந்தியா பிந்தியான்னு அவரு கேக்கவா போறாரு?

என்ன... நாயி என்ன நெறமா? வெள்ள. இல்ல... செவல. ஏன் கேக்கிய? நாயே இல்லன்னு அண்ணாச்சி சொன்னாவளா?

சரி, நாயி இல்ல! போதுமா? தாளிச்சா! கத்தரிக்கா, மாங்கா, எலும்பெல்லாம் போட்டு ஒரு அண்டா தாளிச்சா ஆக்கி வச்சிருந்தோம். அவசரத்துல அத அடுப்பு மேலயே விட்டுட்டு வந்துட்டோம்! சிக்னலத் தாண்டுனப்பதான் எனக்கு ஞாபகம் வருது. தாளிச்சா இல்லாம பிரியாணிய எறக்குனா அந்த பீவி என்னய ஆயுசுக்கும் விடுவாளா? நடுவுல இருக்க தகரத்துல ஓங்கி ஓங்கித் தட்டி, "நிறுத்துங்க!"ன்னு கத்துனேன். எனக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு நெனச்சு மனுசன் பிரேக்குல ஏறி நின்னுட்டாவ. எதுக்குக் கத்துனேன்னு இன்னவர கேக்கல. "பயந்துட்டியா புள்ள?"ன்னுதான் கேட்டாவ. 

ஏன் அழுவுதிய? இப்பத்தான சிரிச்சிய! என்ன? டாக்சி சேட்டோடதா? நொறுங்குனதுக்கு அண்ணாச்சியவா பிடிக்கான்? அவிய மேல தப்புன்னு எழுதிட்டா நஷ்டஈடும் கெடயாதா... அந்தக் கையி மறுபடியும் ஸ்டியரிங் பிடிக்குமான்னே டாக்டர் சொல்லலியா? யா ரப்பே. இத அந்த வக்கீல் எங்கிட்ட சொல்லலியே. இல்ல... சொல்ல வந்தாரு. "ஆனா அந்த டாக்சிக்காரன்..."ன்னு ஆரம்பிச்சாரு. நான்தான் எந்திரிச்சு வந்துட்டேன். எனக்கு வேண்டியது கெடச்சதும் காது அடச்சிருச்சு.

எங்க போறிய? தங்கச்சி! ஏ தங்கச்சி, சூப்பு... போய்ட்டா. ஒரு வார்த்த வையவாவது செஞ்சிருக்கலாம். வஞ்சிருந்தா நான் பதிலுக்கு ரெண்டு சொல்லிட்டு நிம்மதியா வீட்டுக்குப் போயிருப்பேன்.

அங்க யாரு, காக்கிச் சட்ட? இன்ஸ்பெக்டரு! அவதான் கூட்டிக்கிட்டு வாரா. பின்னால ஆயா எதத் தள்ளிக்கிட்டு வாரா... வீல்சேரா? எனக்கா? அட, வேண்டாம்மா, கைய விடு, நான் நல்லாத்தான் இருக்கேன்... ஹவல்தார் எழுதுன டெலிவரி கேஸு நான்தான்னு இன்ஸ்பெக்டரு சொல்லி விட்டாராம், பெஞ்சுல உக்காரப்படாதாக்கும். தங்கச்சி, நீ அவருகிட்ட ஒண்ணும் சொல்லலியா? அவரு வரும்போது சும்மா கூட நடந்து வந்தியா? சொல்ல வேண்டியதுதான, எல்லாத்தயும் கொட்டிட்டேனே உங்கிட்ட! ஏன் இப்படி என்னயவே பாத்துக்கிட்டு நிக்க?

எத்தன மாசம்னு கேக்காரு. பேனாவத் தெறந்துட்டாரு. இதுல ஏறி உக்காந்துட்டா எங்க வீட்ல அவிய நாளைக்கு வண்டி எடுத்துருவாவ. உன் வீட்டுக்காரவிய சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காருவாவ.

ஏ ஆயா, தள்ளாத! நில்லு! சாப், எழுதுங்க சாப்... எனக்கு இந்தி இந்த நேரம் பாத்து வர மாட்டேங்கு. தங்கச்சி, இவ்வளவு நேரம் நான்தான் பேசுனேன், இப்ப நீ பேசு. ஓட்டுனவியள சைரன் போட வச்சதும் நான்தான், நிறுத்தச் சொன்னதும் நான்தான்னு சொல்லு. இவ வயித்துல ஒண்ணுமில்ல, எல்லாம் தேக்சாவுலதான் இருந்துச்சுன்னு சொல்லு.